மூன்று நாள் கட்டிப்போட்ட கோழி

ரோஷன் பீவியின் கால் கட்டைவிரலைத் தேள் கொட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. எழுபத்தாறாம் வருஷம் ரம்ஜான் பெருநாள் விருந்துக்குச் செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினத்துச் சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியான லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவலாம் என்று கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தாள். தொட்டிக் கல்லுக்கு அடியில் குடியிருந்தவனுக்கு அது பிடிக்கவில்லை. போட்டான் ஒரு போடு. அப்புறம் அன்றைக்கு அந்த வீட்டில் பிரியாணியை யார் சாப்பிட்டார்கள்? தாம்பாளம் ஒரு பக்கம் கிடக்க, ரோஷன் பீவியின் கூச்சல்தான் தெரு முழுக்கக் கேட்டது.

வலி இரண்டு நாளில் இறங்கிவிட்டது. வார்த்தை இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறும்போது, துணி சுற்றிய காலைத் தூக்கிப் படியில் வைத்தபடியே சொன்னாள்:

"எம்மருமவ மொதப் புள்ளைய இந்தத் தேளுங்களோட குடித்தனம் பண்ணிப் பெத்துக்க மாட்டா. ஏழாம் மாசம் அழைக்க நீங்க வராதீங்க. நானே அவளக் கூட்டினு வந்து வூட்டப் பாக்கறேன். ஒரு தேளு, ஒரு பூரானு என் கண்ணுல பட்டுச்சுன்னா, பேறுகாலம் செங்கல்பட்லதான். இப்பவே சொல்லிட்டேன்."

பெண்ணைப் பெற்ற சம்பந்தி ஹபீபா பஸ் போனபிறகும் அங்கேயே நின்றாள். ஷாஜாதி அவளுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருஷம் வயிறு திறக்காமல் இருந்து, இப்போதுதான் அல்லா கண் திறந்திருக்கிறான். ஹபீபா இந்த ஷாஜாதியைப் பெற்றபோது அவளுக்குத் தாய் உயிரோடு இல்லை. மாமியார் வீட்டில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பெற்றாள். வலி பொறுக்க முடியாமல் "அம்மா" என்று கத்தியபோது, இல்லாதவளைக் கூப்பிடுகிறோமே என்று அந்த வலியிலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் மகள் அப்படிக் கத்தும்போது, கத்திய வாய் மூடுமுன் தான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்பது ஹபீபாவின் இருபத்தைந்து வருஷத்து ஆசை. அதற்குக் குறுக்கே ஒரு தேள் வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வீடும் லேசுப்பட்ட வீடு இல்லை. ஊர்க் கடைசி. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, பின்னால் காசியம்மாளின் கீரைத் தோட்டம். மண் சுவர், நாட்டு ஓடு, மண் தரை. சுவரில் விரல் போகிற அளவுக்குப் பிளவு. கொல்லையில் விறகு ஒரு குவியல், தென்னை மட்டை ஒரு குவியல், உடைந்த செங்கல் ஒரு குவியல். தேள்கள் தங்களுக்குள் கூடி இடம் பார்த்திருந்தாலும் இதைவிட நல்ல வீடு கிடைத்திருக்காது.

அவள் புருஷன் அப்துல் கையூமுக்குக் கடைத்தெருவில் உரமும் விதையும் பூச்சி மருந்தும் விற்கிற கடை. நல்ல மனுஷர். ஐந்து வேளை தொழுகை, அதிராத பேச்சு. ஆனால் உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் தன் கடை அலமாரியில் ஒரு டப்பா இருக்கிறது என்று நினைக்கிற ஆள்.

"இதுக்கா இப்பிடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறே? வெள்ளப் பொடி ரெண்டு டப்பா எடுத்தாறேன். வூட்டச் சுத்தி ஒரு தூவு. ஒரே நாளு. ஈ எறும்பு நிக்காது."

"புள்ளத்தாச்சி வந்து படுக்கற எடத்துல வெஷத்தத் தூவுறதா? நல்லா கீதே நியாயம்!" என்றாள் ஹபீபா. "அந்தப் பேச்சே வேணாங்க. எங்கிட்ட ஒம்பது கோழி கீது. நான் பாத்துக்கறேன்."

"கோழி பாத்துக்குமாம் கோழி," என்று சிரித்துக்கொண்டே அவர் கடைக்குப் போனார்.

சிரிக்கட்டும். ஹபீபா மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். காலையில் கூட்டைத் திறந்ததும் நொய்யரிசி போடுவதை முதலில் நிறுத்தினாள். விடிந்ததும் வயிறு நிறைந்த கோழி குப்பையைக் கிளறுமா? மதில் மேல் ஏறி நின்று கொண்டு ஊர் நியாயம் பேசும். பசியோடு விட்டால்தான் காலும் மூக்கும் வேலை செய்யும். தீனி சாயங்காலம் மட்டும், அதுவும் கூட்டுக்குத் திரும்புவதற்கு ஒரு கூலி மாதிரி.

அப்புறம் குவியல்களைப் பிரித்தாள். தினம் ஒரு குவியல். விறகை ஒவ்வொரு கட்டையாக நீளக் கம்பியால் புரட்டுவாள். ஒன்பது கோழியும் சுற்றி நிற்கும். கட்டை புரண்ட மாத்திரத்தில் அடியில் இருப்பது ஓடுமுன் பாய்ச்சல். தேள் கொடுக்கைத் தூக்கினால், செவலைக் கோழி அதன் வாலை ஒரு கொத்து கொத்தி உதறித் தரையில் அடித்துவிட்டுத்தான் விழுங்கும். அந்த வித்தையை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! பூரான் கிடைத்தால் இரண்டு கோழி இரண்டு பக்கம் பிடித்து இழுக்கும். கரப்பான், சிள்வண்டு, குளவிப் புழு எல்லாம் கணக்கிலேயே சேராது. எருக்குழியைக் கொத்திவிட்டால் கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெள்ளையாக வண்டுப் புழு வரும். தென்னங் குருத்தைக் குடைகிற வண்டின் குஞ்சுகள். அதற்கு நடக்கும் சண்டையைப் பார்க்க வேண்டுமே.

சுவரை அரிக்கிற கரையானுக்கு வேறு உபாயம். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, மக்கிய ஓலை இதையெல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்துச் சுவர் ஓரம் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாளில் கரையான் சுவரை விட்டுவிட்டுப் பானைக்குக் குடி வந்துவிட்டது. பானையை நிமிர்த்திக் கோழிகளுக்கு முன்னால் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் பானை துடைத்து வைத்தது போல ஆகிவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள் காசியம்மாள். கோழி என்றாலே கல்லெடுக்கிற பேர்வழி. நாற்றைக் கிளறிவிடும் என்று வேலி முழுக்க முள் அடைத்து வைத்திருந்தவள், ஒரு நாள் தானே வந்து கேட்டாள்.

"பாயம்மா, தண்டுக்கீரை பாத்தியப் பறிச்சிட்டுக் கொத்திப் போட்டு கீறேன். மண்ணுல புழுவாக் கெடக்குது. வெதை போடறதுக்கு முன்னாடி உன் கோழிங்கள நாலு நாளு வுடேன்."

"வெதை போட்டப்புறம் கல்லால அடிக்க மாட்டியே?"

"வெதை போட்டா முள்ளுப் போட்டு அடைச்சிடறேன். அது வரைக்கும் அதுங்க ராஜ்ஜியம்."

நாலு நாளில் பாத்தி சுத்தம். அந்த முறை காசியம்மாளின் கீரையில் ஓட்டை இலையே இல்லை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். காசியம்மாள் அதோடு அப்துல் கையூம் கடைக்குப் பொடி வாங்கப் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் பரவாயில்லை. "இன்னா பாய், உன் வூட்லயே கோழிதான் மருந்து தெளிக்குது, எனக்கு இன்னாத்துக்குப் பொடி?" என்று நாலு பேர் இருக்கும்போது கடை வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்துல் கையூமும் சிரித்தார். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது.

முதல் வாரம் பதினோரு தேள். அடுத்த வாரம் ஆறு. ஐப்பசி பாதியில் ஒன்றிரண்டு. அப்புறம் பத்து நாளாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஹபீபா மகளுக்கென்று உள்ளறையை ஒழித்து, சுவர்ப் பிளவுகளை மண் குழைத்துப் பூசி, கட்டிலை நடுவில் போட்டு, புதுப் பாய் விரித்து வைத்தாள். ஒரு நாளைக்கு நாலு தரம் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு வருவாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷாஜாதியைக் கூட்டிக்கொண்டு வருவதாக ரோஷன் பீவியிடமிருந்து கார்டு வந்தது.

அந்தப் புதன்கிழமை காலை கோழிகளைத் திறந்துவிட்டபோது ஹபீபாவே அசந்து போனாள். விறகுக் குவியல் ஓரம், சுவர் ஓரம், தொட்டி ஓரம் எங்கே பார்த்தாலும் பூச்சி. கரப்பானும் வண்டும் மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பூரான் வெயிலில் நெளிந்துகொண்டிருந்தன. மழை ஒரு வாரமாக விட்டிருந்ததால் மண்ணுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தாள். கோழிகள் ஓட வேண்டியதில்லை, கிளற வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே விருந்து.

"தின்னுங்கடி தின்னுங்க! இத்தினி நாளு ஒழைச்சதுக்கு அல்லா குடுக்கறான்," என்று இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை நல்ல கொழுத்த கறுப்பு வெடைக்கோழியாகப் பார்த்துப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். கண்டதைத் தின்று திரிகிற கோழியை அப்படியே பிடித்து அறுக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மூன்று நாள் கட்டிப்போட்டு, சுத்தமான தானியமும் தண்ணீரும் கொடுத்து, வயிற்றில் இருக்கிற அசுத்தமெல்லாம் கழிந்த பிறகுதான் பிஸ்மில்லா சொல்லிக் கத்தி வைப்பார்கள். வியாழன், வெள்ளி, சனி. ஞாயிறு காலை அறுத்தால் மத்தியானம் சம்பந்தியம்மாளுக்குக் குழம்பு, மகளுக்குச் சூப்பு.

வெள்ளிக்கிழமை வெடை தானியத்தைத் தொடவில்லை. அடைபட்ட கோபம் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை விடிந்து கூடையைத் தூக்கினால், கால் விறைத்துச் செத்துக் கிடந்தது.

கழிச்சல் நோயோ என்று திருப்பிப் பார்த்தாள். எச்சத்தில் வெள்ளை இல்லை, மூக்கில் சளி இல்லை. கூட்டைத் திறந்தால் செவலை படியில் இறங்கத் தெரியாமல் தடுமாறி விழுந்தது. இன்னொன்று நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் எட்டுக்கு ஆறுதான் இருந்தன. மற்ற இரண்டு நேற்றுத் தோப்புக்குள் போனவை திரும்பி வரவே இல்லை. கீரி பிடித்திருக்கும் என்று நேற்றுச் சாயங்காலம் அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள்.

"இன்னா பாயம்மா, காலைலயே தலையில கைய வெச்சிகினு குந்திகினு கீறே?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் காசியம்மாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. "செவ்வாக்கெழம சாயங்காலம் நீ மீனு வாங்கப் போனியே, அப்ப பாயி டப்பாவ எடுத்துகினு வூட்டச் சுத்திச் சுத்தி வந்துகினு இருந்தாரு. நீ சொல்லித்தான் தூவுறாருன்னு நெனைச்சேன். உனக்குத் தெரியாதா?"

ஹபீபா எழுந்து போய்ப் பார்த்தாள். விறகுக்குப் பின்னால், தொட்டிக் கல் இடுக்கில், ஓட்டுச் சரிவின் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு. உள்ளே ஓடினாள். மகளுக்காக ஒழித்து வைத்த அறையில் கட்டிலுக்கு அடியில், சுவரும் தரையும் சேருகிற இடுக்கு முழுக்க, புதுப் பாயைத் தூக்கினால் பாய்க்கு அடியிலும் அதே வெள்ளை. அவளுக்குத் தெரியக்கூடாது என்று பாயை ஒழுங்காகத் திருப்பி விரித்து வைத்திருந்தார் மனுஷர். அத்தனை கவனமாகச் செய்த வேலை.

மத்தியானம் சாப்பிட வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"தூவுனியா?"

கோபம் வந்தால்தான் அவள் வாயில் 'நீ' வரும். அப்துல் கையூம் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"தூவுனேன். நீ கோழிய நம்பிகினு கீறே. ஒரே ஒரு தேளு, அந்தம்மா வர்ற நேரத்துல ஓட்டுலேர்ந்து விழுந்துச்சுன்னா இன்னா பண்ணுவே? நம்ம புள்ளயக் கூட்டினு திரும்பிப் போயிடும். எனக்கும் அவ மவதானே ஹபீபா?"

"கோழி செத்துப் போச்சு."

"கோழி பொடியத் தின்னாதே! அதுக்கு அறிவு கீது."

"பொடிய யாரு தின்னுச்சு? பொடி பட்டுச் செத்துகினு இருந்த பூச்சியத் தின்னுச்சு. நான் பக்கத்துல நின்னு, தின்னுங்கடி தின்னுங்கன்னு பாத்துகினு இருந்தேன். யா அல்லா, என் வாயால சொன்னேனே!"

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருக்கலாம்.

கூடையில் அடைத்து வைத்ததனால் கறுப்பு வெடை அவள் கண்ணுக்கு முன்னால் செத்தது. திரிகிற கோழியாக இருந்திருந்தால் அதுவும் தோப்பில் எங்கேயாவது விழுந்திருக்கும். பழி கீரிக்குப் போயிருக்கும். அவள் நாளைக் காலை நிற்கிற கோழியில் ஒன்றைப் பிடித்து, வாயும் வயிறுமாக வருகிற மகளுக்குச் சூப்பு வைத்து, கிண்ணத்தைத் தன் கையாலேயே ஊதி ஊதிக் கொடுத்திருப்பாள். 

சாயங்காலம் வரை இரண்டு பேருமாக வீட்டைப் பெருக்கினார்கள். பாயையும், கறுப்பு வெடையையும், அதற்குள் செத்துவிட்ட செவலையையும் தோப்புக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் பொடி மண்ணோடு குழைந்து உள்ளே இறங்கியது. சுவரும் மண், தரையும் மண், எதைக் கழுவி எதை விடுவது? கடைசியில் அப்துல் கையூம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அந்தம்மாகிட்ட ஒண்ணியும் சொல்லாதே. கீரி புடிச்சிகினு போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நான் காலைல வஞ்சிரம் வாங்கியாறேன். கண்ணுக்குத் தெரியற பொடியெல்லாம் போயிடுச்சு. சமாளிச்சிடலாம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஹபீபா சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்து ஆசை அவள் வாயை அடைத்துவிட்டது. தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஷாஜாதி முகம் உப்பி, நடை தளர்ந்து, அம்மாவைக் கண்டதும் சிறு பிள்ளை மாதிரி ஓடி வரப் பார்த்தாள். ரோஷன் பீவி சலாம் சொன்ன கையோடு பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்தாள். ஆமாம், டார்ச் லைட். கூடவே மடக்குக் குடையின் முனை. தொட்டிக் கல்லில் ஆரம்பித்தாள். விறகைப் புரட்டினாள், மட்டையைத் தூக்கினாள், உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூச்சு வாங்க வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம். ஒரு போலீஸ்காரன்கூட அப்படித் தேட மாட்டான்.

"அடேயப்பா! தேளை வுடு, பூரானை வுடு, ஒரு எறும்பு கூட இல்லியே சம்பந்தி!" என்று நிமிர்ந்தாள். "நீ கார்டுல எழுதுனப்ப நான் கூட, கோழிய வெச்சி இன்னாத்தக் கிழிக்கப் போறான்னுதான் நெனைச்சேன். சாதிச்சிட்டே. ஒத்துக்கறேன். எம்மருமவ இங்கியே இருக்கட்டும். பேரனோ பேத்தியோ, உங்கையாலயே வாங்கிக் குடு."

இந்த வார்த்தைக்குத்தானே ஆறு வாரம் குனிந்து கட்டை புரட்டினாள்? ஷாஜாதி அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹபீபாவுக்குக் கண்ணில் நீர் நின்றது. ஆனால் காதில், ஒரு எறும்பு கூட இல்லை என்றதுதான் திரும்பத் திரும்ப ஒலித்தது. அவள் கோழிகள் ஒரு நாளும் எறும்பைத் தின்றதில்லை.

மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. கீரிக் கதையை ரோஷன் பீவி நம்பி, கீரியை நாலு திட்டுத் திட்டி, இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டாள். ஹபீபா பரிமாறினாள், சாப்பிடவில்லை. இன்று இல்லாவிட்டால் நாளை அந்த அறையைப் புதிதாகப் பூசிவிடலாம், தரையைக் கொத்தி எடுத்துவிடலாம், ஏதாவது செய்துவிடலாம் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் சற்று அசந்த நேரம். ஹபீபா கைகழுவக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றாள். கூட்டுப் பக்கம் ஷாஜாதி. கையில் ஒரு முட்டை, அப்போதுதான் இட்ட சூடு ஆறாதது. கல்யாணத்துக்கு முன்னால் தினம் ஒன்று அப்படியே உடைத்துக் குடிக்கிறவள். நகத்தால் மேலே ஒரு ஓட்டை போட்டு, அண்ணாந்து வாயருகே கொண்டு போய்விட்டாள்.

எப்படி ஓடினாள் என்று ஹபீபாவுக்கே தெரியாது. ஓடிய வேகத்தில் ஓங்கி ஒரு தட்டு. முட்டை சுவரில் பட்டுச் சிதறியது. கை பட்டு ஷாஜாதியின் உதடும் கிழிந்தது.

ஷாஜாதி உதட்டைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்றாள்.  சத்தம் கேட்டு ரோஷன் பீவி வந்தாள், பின்னால் அப்துல் கையூம் வந்தார். சுவரில் வழிகிற மஞ்சள் கருவையும், மருமகளின் உதட்டில் ரத்தத்தையும் பார்த்த ரோஷன் பீவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா சம்பந்தி இது? ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சி மேல ஒரு முட்டைக்காகக் கை நீட்டுவியா? இதுக்கா நான் வுட்டுட்டுப் போவணும்?"

கெட்டுப்போன முட்டை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூழ் முட்டை, கோழிக்கு நோய், எதையாவது சொல்லலாம். நாக்கு நுனியில் நாலு பொய் வரிசையாகக் காத்திருந்தன. அப்துல் கையூமும் கண்ணாலேயே கெஞ்சினார். ஹபீபா மகளின் முகத்தைப் பார்த்தாள். இன்றைக்கு இந்த முட்டையைத் தட்டிவிட்டாள். நாளைக்கு? அந்தத் தரையில் இவள் பாய் விரித்துப் படுப்பாள். பிள்ளை பிறந்து குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அப்போது எத்தனை தரம் ஓடி வந்து தட்டிவிடுவாள்?

சொல்லிவிட்டாள். பொடி, பூச்சி, கூடையில் செத்த வெடை, கீரிக் கதை, பாய்க்கு அடியில் இருந்த வெள்ளை, ஒன்று விடாமல் சொன்னாள். புருஷன் மேல் மட்டும் போடாமல், மறைக்கத் தானும் தலையாட்டியதையும் சேர்த்துச் சொன்னாள்.

"கூட்டினு போயிடுங்க சம்பந்தி. இந்த வூடு வேணாம்."

"நான் போவ மாட்டேம்மா," என்று ஷாஜாதி அழுதாள். "ஆறு வருஷமா இதுக்குத்தான் கெடந்தேன். உங்கிட்ட இருக்கணும்னுதான் கெடந்தேன். என்ன இன்னாத்துக்குத் தொரத்துறே?"

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. தேளு வந்தா கண்ணுல படும். தொடப்பத்த எடுத்து அடிப்பேன். இத எங்கன்னு தேடுவேன் நானு? எங்க கீதுன்னு தெரிஞ்சா நக்கியாவது எடுத்துட மாட்டனா?" என்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் அழ வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.

ரோஷன் பீவி கத்தவில்லை. அப்துல் கையூம் பக்கம் திரும்பினாள்.

"பாய், இது மண்ணுல வுழுந்தா எத்தினி நாளு நிக்கும்?"

 பயப்படுகிற ஆளுக்கு ஒரு மழைக்குப் போய்விடும் என்றும், பவரான மருந்து கேட்கிற ஆளுக்கு எத்தனை மழை பெய்தாலும் போகாது என்றும் அப்துல் கையூம் கடையில் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டில் எது நிஜம் என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெர்லம்மா," என்றார்.

 ரோஷன் பீவி மருமகளின் உதட்டை முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் ஹபீபாவுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"எழுந்திரு. துணிமணி எடுத்து வெய்."

"அவ பையப் பிரிக்கவே இல்லியே..."

"அவளோடது இல்ல. உன்னோடது. நாலு மணி பஸ்ஸு கீது."

ஹபீபா நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தி வீட்டில் ஒரு வேளை கை நனைத்துவிட்டு வருவதோடு சரி. பெண்ணைக் கொடுத்தவள் அங்கே போய் மாதக் கணக்கில் தங்குவதா? அவர்கள் ஜமாத்தில் யாரும் செய்ததில்லை. செங்கல்பட்டுச் சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மெல்லுவார்கள். "ஊரு இன்னா பேசும்?" என்றாள்.

"பேசட்டும். நான் இல்லாத ஊரா அது? கீரி தின்னுச்சுன்னு சொன்னே, வாயப் பொளந்துகினு நம்புனேன். இந்த முட்டைக்கும் ஒரு பொய்ய சொல்லியிருந்தா அதையும்தான் நம்பியிருப்பேன். புள்ள வேணும்னு உயிர வுட்டுகினு கீறே, ஆனாலும் அந்தப் பொய்ய நீ சொல்லல. எம்மருமவ பக்கத்துல குந்த வெக்க நான் வேற எவளப் போய்த் தேடுவேன்? எழுந்திருடி."

அதுவரை நீயும் சம்பந்தியுமாக இருந்த பேச்சில் அந்த 'டி' புதிது. ஹபீபா எழுந்தாள்.

பெட்டி இல்லை, ஒரு துணிப்பைதான். நாலு புடவை, தொழுகை விரிப்பு, பழைய வெள்ளைத் துணி கொஞ்சம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அப்துல் கையூம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.  ஷாஜாதியும் ரோஷன் பீவியும் முன்னால் ஏறினார்கள். ஹபீபா படியில் கால் வைத்தபோது அவர் பையை நீட்டினார்.

"இன்னும் அஞ்சு கோழி கீதே, அதுங்கள இன்னா பண்றது?"

"அறுக்காதீங்க. யாருக்கும் விக்காதீங்க. முட்டைய எடுத்துக் குழி தோண்டிப் பொதைச்சிடுங்க. கூட்டுலயே வெச்சி, கடையிலேர்ந்து அரிசி எடுத்தாந்து உங்க கையால போடுங்க. கீழ கொட்டாம தட்டுல போடுங்க."

"எத்தினி நாளைக்கு ஹபீபா?"

கண்டக்டர் விசில் ஊதினான். கோபமில்லாமல், அழாமல், கடைக்கு வந்த ஒருத்தி கேட்பது போலத்தான் அவள் கேட்டாள்.

"அத நீங்கதானே சொல்லணும்?"